பிள்ளை விலகினாலும் பால் வற்ற வேண்டியதில்லை

நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கடலோரப் பாறைகளில் கேப் ஃபர் சீல் என்னும் கடல்நாய்கள் பல்லாயிரக்கணக்கில் கூடி வாழ்கின்றன. குட்டி ஈன்ற தாய் முதல் சில நாட்கள் அதைவிட்டு நகர்வதில்லை. பிறகு பசி வென்றுவிடுகிறது. கரையில் இரை கிடையாது. மீன் இருப்பது கடலில். குட்டியைக் கூட்டத்தோடு விட்டுவிட்டுத் தாய் நீரில் இறங்குகிறது. பல முறை சில நாட்களில் திரும்பிவிடும். மீன் தொலைவுக்குப் போய்விட்ட காலங்களில் மூன்று வாரம்கூட ஆகும். வந்ததும் அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் குரலையும் வாசனையையும் வைத்துத் தன் குட்டியைக் கண்டுபிடித்து, இரண்டு மூன்று நாள் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் புறப்பட்டுவிடுகிறது. மாதக்கணக்கில் இப்படியே நடக்கிறது. அத்தனை நாள் யாரும் வாய் வைக்காமல் இருந்தும் அதன் பால் வற்றுவதில்லை.

ஆய்வகத்துச் சுண்டெலியிடம் கதை நேர்மாறு. குட்டிகளைப் பிரித்து இரண்டு நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால் சுரப்பு மீண்டுவிடும். இரண்டு நாள் கடந்துவிட்டால் பால்சுரப்பித் திசு மீள முடியாதபடி கலையத் தொடங்கிவிடும். அந்த ஈற்றுக்கு அவ்வளவுதான்.

மனிதத் தாய் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நிற்கிறாள். திடீரென்று ஓர் அறுவை சிகிச்சை. தாய்க்குச் சில நாள் தர வேண்டியிருக்கும் ஒரு மருந்து. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் சிசு. தவிர்க்க முடியாத ஒரு பயணம். காரணம் எதுவானாலும் வீட்டில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: “பால் வத்திப்போயிடுமா?”

பாலூட்டுவது நின்றாலும் பால் வெளியேறுவது நிற்காமல் பார்த்துக்கொண்டால் வற்றாது. உடம்பு கணக்கு வைப்பது வெளியே போகும் பாலை. அந்தக் கணக்கு எங்கே எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், இடைவெளி நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

தொடங்கி வைப்பது பிரசவம்

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு பால் சுரக்கத் தயாராகிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் தடை விலகுகிறது. முதலில் கெட்டியான சீம்பால் கொஞ்சமாக வருகிறது. இரண்டு மூன்று நாட்களில் மார்பு கனத்துப் பால் பெருகுகிறது. இதுவரை நடப்பதற்குக் குழந்தை சப்பியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் பால் கட்டிக்கொள்வது இதனால்தான்.

தொடங்கிய சுரப்பு தொடர்வதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. குழந்தை சப்பும்போது காம்பைச் சுற்றியுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதி புரொலாக்டினையும் பின்பகுதி ஆக்சிடோசினையும் இரத்தத்தில் விடுகின்றன. சாதாரண நேரங்களில் மூளையிலிருந்து வரும் டோபமைன் புரொலாக்டினை அடக்கிவைத்திருக்கும். சப்பும் நேரத்தில் அந்தப் பிடி தளர்கிறது. பாலூட்டத் தொடங்கி அரை மணி வாக்கில் இரத்தத்தில் புரொலாக்டின் உச்சத்துக்குப் போகிறது. அது அடுத்த வேளைக்கான பாலைச் சுரக்க வைக்கிறது. பகலைவிட இரவில் இந்த ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது.

ஆக்சிடோசினின் வேலை வேறு. மார்புக்குள் பால் ஊறுவது கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளில். ஒவ்வொரு பையையும் மெல்லிய தசைச் செல்கள் வலைபோலச் சுற்றியிருக்கின்றன. ஆக்சிடோசின் வந்து தொட்டதும் அவை சுருங்கி, ஊறிய பாலைக் குழாய்களுக்குள் தள்ளுகின்றன. அது வராவிட்டால், உள்ளே எவ்வளவு பால் இருந்தாலும் பெரும்பகுதி வெளியே வராது. புரொலாக்டின் இல்லாவிட்டால் பால் ஊறாது. ஆக்சிடோசின் இல்லாவிட்டால் ஊறிய பால் இறங்காது. இடைவெளி நாட்களில் குழந்தையின் வாய் செய்த இந்த இரண்டு வேலைகளையும் கையோ பம்போ செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரே இரத்தம், இரண்டு கணக்கு

எல்லாம் ஹார்மோனின் செயல் என்றால் ஒரு புதிர் எழுகிறது. ஹார்மோன் இரத்தத்தில் ஓடுகிறது. இரண்டு மார்புக்கும் போவது ஒரே இரத்தம். அப்படியானால் இரண்டிலும் ஒரே அளவு பால் ஊற வேண்டும். ஊறுவதில்லை. குழந்தை ஒரே பக்கம் குடித்துப் பழகினால் அந்தப் பக்கம் பெருகுகிறது, மறுபக்கம் சுருங்குகிறது. ஹாங்காங்கில் படகுகளில் வாழ்ந்த தாங்கா சமூகத்துப் பெண்கள் பலர் வலது மார்பில் மட்டுமே பாலூட்டும் வழக்கம் உடையவர்களாக இருந்தார்கள். அவர்களது மேலாடை அந்தப் பக்கம் திறப்பதுதான் காரணம். ஒரு பக்கம் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளை வளர்த்தது. மறுபக்கம் சும்மா இருந்தது.

ஆஸ்திரேலியாவின் டாமர் வாலபி இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கங்காரு இனத்தைச் சேர்ந்த இந்தச் சிறு விலங்கின் பையில் ஒரு காம்பைப் பற்றியபடி பச்சைக்குட்டி இருக்கும்போதே, வெளியே துள்ளித் திரியும் மூத்த குட்டி தலையை நுழைத்து வேறொரு காம்பில் குடிக்கும். பச்சைக்குட்டிக்கு நீர்த்த பால், மூத்ததற்குக் கொழுப்பு மிகுந்த பால். ஒரே தாய், ஒரே இரத்தம், பக்கத்துப் பக்கத்துச் சுரப்பிகள். ஆனால் பாலின் அளவும் வேறு, பக்குவமும் வேறு. ஒவ்வொரு சுரப்பியும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது.

அந்தக் கணக்கின் சூத்திரத்தைத் தேடியவர்களில் ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் ஹன்னா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மால்கம் பீக்கர் முக்கியமானவர். அவரும் சக ஆய்வாளர்களும் ஆடுகளை வைத்துச் சோதித்தார்கள். மடி நிறைந்தால் சுரப்பு குறைவது எதனால்? நிறைந்த மடியின் அழுத்தமா, அல்லது பாலிலேயே இருக்கும் ஏதோ ஒரு பொருளா? 1987-ல் வெளியான சோதனையில், மடியில் இருந்த பாலோடு சுரப்பைப் பாதிக்காத ஒரு கரைசலைச் செலுத்தி அதை நீர்க்கச் செய்தார்கள். மடியின் கனம் கூடியதே தவிரக் குறையவில்லை. அழுத்தம்தான் காரணமென்றால் சுரப்பு இன்னும் குறைந்திருக்க வேண்டும். கூடியது. தேங்கிய பாலுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றே ‘போதும், நிறுத்து’ என்று சொல்கிறது என்பது இதில் தெரிந்தது.

அது எது என்ற தேடல் பிறகு பல திசைகளில் போனது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் நெல்சன் ஹார்ஸ்மன் குழுவினர் 2004-ல் செரடோனினைக் காட்டினார்கள். மனநிலையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் அதே செரடோனின் பால்சுரப்பியிலேயே உற்பத்தியாகிறது. பால் தேங்கத் தேங்க அதன் அளவு கூடிச் சுரப்பைத் தணிக்கிறது என்பது அவர்கள் கண்டது. அழுத்தத்துக்கும் பங்கு உண்டு: நிறைந்து விரிந்த நுண்பையின் செல்கள் தட்டையாகி, புரொலாக்டினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை.

மனிதத் தாயிடம் இதை அளந்து பார்த்தவர் பெர்த் நகரில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்ட்மன். காலியான மார்பில் பால் வேகமாக ஊறுகிறது, நிறைந்த மார்பில் மெதுவாக ஊறுகிறது என்று அவரது குழு காட்டியது. அந்தக் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில் 71 தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களது குழந்தைகள் ஒரு நாளில் குடித்த பால் சராசரியாக 788 கிராம். ஆனால் மிகக் குறைந்த அளவு 478, மிகக் கூடிய அளவு 1,356. குழந்தைகள் மார்பில் இருந்த பாலை முழுக்கக் காலி செய்யவும் இல்லை. சராசரியாக 67 சதவீதம்தான் குடித்தார்கள்.

ஒரு தாய்க்கு மார்பில் பால் சேர்த்துவைக்கும் இடம் அதிகம், இன்னொருத்திக்குக் குறைவு. இடம் அதிகமுள்ளவள் சற்று நீண்ட இடைவெளியைத் தாங்குவாள். குறைவானவளுக்குச் சீக்கிரமே ‘நிறுத்து’ என்ற செய்தி போய்விடும். அதனால் அவள் அடிக்கடி பால் எடுக்க வேண்டும். மொத்தச் சுரப்பில் இருவருக்கும் வித்தியாசம் இல்லாமல்கூட இருக்கலாம். பக்கத்துக் கட்டில் தாயின் கடிகாரம் தனக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

வற்றும்போது உள்ளே நடப்பது

பால் தேங்கி நின்றால் முதலில் சுரப்பு மெதுவாகிறது. தேக்கம் தொடர்ந்தால் நுண்பைச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகள் தளர்கின்றன. இரத்தத்திலிருந்து சோடியம் பாலுக்குள் கசிகிறது. பாலின் சர்க்கரையான லாக்டோஸ் குறைகிறது. வற்றும் நிலையில் உள்ள பால் உப்புக் கரிப்பது இதனால்தான். அதற்கடுத்த கட்டத்தில் சுரக்கும் செல்கள் திட்டமிட்ட மரணத்தை அடைகின்றன. அவை இருந்த இடத்தைக் கொழுப்புத் திசு எடுத்துக்கொள்கிறது. எலியில் இரண்டு நாளில் நடந்துவிடும் இந்தக் கலைப்பு, மனிதரில் மிக மெதுவாக, படிப்படியாக நடக்கிறது. நமக்கு அவகாசம் கொடுப்பது இந்த நிதானம்தான்.

அப்படியானால் அந்தக் கடல்நாய்க்கு மட்டும் ஏன் கலையவில்லை? அதன் பாலில் ஆல்ஃபா-லாக்டால்புமின் என்ற புரதம் இல்லை. மற்ற பாலூட்டிகளில் லாக்டோஸ் உருவாக இந்தப் புரதம் வேண்டும். அதே புரதம், பால் தேங்கும்போது செல்களைச் சாகத் தூண்டுவதிலும் பங்கு கொள்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தப் புரதத்தை இழந்த கடல்நாய்களுக்கு லாக்டோஸ் ஏறக்குறைய இல்லாத, கொழுப்பு மிகுந்த பாலும் வாய்த்தது. வாரக்கணக்கில் தாங்கும் மடியும் வாய்த்தது. மனிதப் பாலிலோ ஆல்ஃபா-லாக்டால்புமின் நிறைய இருக்கிறது. லாக்டோஸும் நிறைய இருக்கிறது. அந்த வசதி நமக்கு இல்லை. தேங்கவிடாமல் எடுப்பது ஒன்றே வழி.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எடுக்கும் முறைக்குப் போவதற்கு முன், இடைவெளி உண்மையிலேயே தேவைதானா என்று பார்க்க வேண்டும். ‘மாத்திரை சாப்பிடுகிறாய், பால் கொடுக்காதே’ என்ற பேச்சு நம் ஊரில் மிகச் சாதாரணம். ஆனால் வழக்கமாக எழுதித் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை பாலூட்டும் தாய்க்கு ஏற்றவையே. ஏற்காத மருந்துக்கு மாற்று மருந்தும் பெரும்பாலும் இருக்கும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இணையதளத்தில் உள்ள லாக்ட்மெட் என்ற தரவுத்தளம் ஒவ்வொரு மருந்தும் தாய்ப்பாலில் எவ்வளவு கலக்கிறது என்பதை இலவசமாகவே தருகிறது. மருத்துவர் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்தாலும், தாய் தெளிவாக விழித்துக் குழந்தையைப் பிடித்துக்கொள்ள முடிந்ததும் பொதுவாகப் பாலூட்டலாம். எக்ஸ்ரே எடுத்தால் நிறுத்தவே தேவையில்லை. சிடி ஸ்கேனுக்கு ஏற்றும் அயோடின் கலந்த சாயத்தில் குழந்தையின் உடம்பில் சேர்வது 0.01 சதவீதத்துக்கும் குறைவு என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி கணக்கிட்டிருக்கிறது. அதற்குப் பின்னும் பாலூட்டலாம் என்பதே அதன் நிலைப்பாடு. 2020-ல் கோவிட் பரவியபோது பல மருத்துவமனைகளில் தாயையும் சேயையும் பிரித்துவைத்தார்கள். பிரிக்காமல் முகக்கவசத்தோடு பாலூட்டலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

இடைவெளி தேவைப்படும் நேரங்களும் உண்டு. டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் சில ஸ்கேன்களுக்குப் பிறகு சில மணி நேரமோ ஒரு நாளோ நிறுத்தச் சொல்வார்கள். அதன் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். மார்பில் ஹெர்பீஸ் கொப்புளம் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஆறும்வரை கொடுக்கக் கூடாது. கொப்புளம் இல்லாத மறுபக்கம் கொடுக்கலாம். குறைமாதச் சிசுவுக்குச் சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒத்திசைவது கர்ப்பக் கணக்கில் 34 வாரம் நிறையும் பருவத்தில்தான் என்பதால் அதுவரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். தைராய்டு நோய்க்கு அயோடின்-131 கொடுப்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. மார்புத் திசு அயோடினை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் என்பதால், சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அந்தக் குழந்தைக்குப் பாலூட்டுவதை முழுமையாக நிறுத்திவிட வேண்டும். அங்கே பால் வற்றுவதுதான் நல்லது. எது தற்காலிகம், எது நிரந்தரம் என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடுக்கும் முறை

தற்காலிகம்தான் என்று முடிவானால், குழந்தை குடித்திருக்கக்கூடிய நேரங்களில் பாலை எடுப்பதே அடிப்படை விதி. பச்சிளங்குழந்தையின் தாய் ஒரு நாளில் 8 முறைக்குக் குறையாமல், அதாவது சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். இரவில் ஒருமுறையாவது எழுந்துகொள்வது அவசியம். புரொலாக்டின் கூடியிருக்கும் நேரம் அது. ஆறு மாதம் கடந்து, திட உணவும் சாப்பிடும் குழந்தையானால் எண்ணிக்கை குறையலாம். பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் பிரிவு வந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சுரப்பு நிலைபெறும் காலம் அது. குறைமாதச் சிசுவின் தாய் பிரசவமான முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே எடுக்கத் தொடங்கிவிடுவது நல்லது. முதலில் வருவது சில சொட்டுச் சீம்பால்தான். அதையே சிசுவுக்குக் கொடுப்பார்கள்.

கையால் பீய்ச்சுவதற்குச் செலவில்லை, மின்சாரம் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அகன்ற வாயுள்ள சுத்தமான கிண்ணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான துணியை ஒற்றி மார்பை மெல்ல நீவிவிட வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பில் மேலே பெருவிரலும் கீழே ஆள்காட்டி விரலும் வைத்து, முதலில் மார்புக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றை நோக்கி ஒன்று அமுக்கி விட வேண்டும். அமுக்கி விடுவது, அமுக்கி விடுவது என்று ஒரு தாளத்தில் போக வேண்டும். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது. காம்பைப் பிடித்து இழுத்தால் வலிக்கும், பால் வராது. ஒரு பக்கம் சில நிமிடம் எடுத்து, வேகம் குறைந்ததும் மறுபக்கம் மாறி, விரலை வட்டமாக நகர்த்திக்கொண்டே போனால் எல்லாப் பக்கமும் காலியாகும். இரண்டு பக்கமும் சேர்த்து 20 முதல் 30 நிமிடம் ஆகும். வலித்தால் முறை தவறு என்று பொருள்.

பம்பு வைத்திருப்பவர்கள் காம்பின் அளவுக்குப் பொருந்தும் கூம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரப்பர் பந்து பொருத்திய பழைய வகைக் கைப்பம்புகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பந்தின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய முடியாது. பம்பு ஓடும்போதே கையால் மார்பை நீவி, கடைசியில் கையாலும் சிறிது பீய்ச்சினால் கிடைக்கும் பால் கணிசமாகக் கூடுகிறது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் குறைமாதக் குழந்தைகளின் தாய்மாரிடம் 2009-ல் ஜேன் மார்ட்டன் குழுவினர் கண்டார்கள். புட்டியில் சேரும் அளவைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஒழுங்காகச் சப்பும் குழந்தை எந்தப் பம்பைவிடவும் திறமையாகப் பாலை எடுக்கும்.

மருந்தின் காரணமாக அந்தப் பாலைக் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டியதுதான். பீய்ச்சினால் மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான மருந்துகளில் பாலில் உள்ள அளவு இரத்தத்தில் உள்ள அளவையே பின்தொடர்கிறது. இரத்தத்தில் குறைந்தால்தான் பாலிலும் குறையும். கொட்டப்படும் அந்தப் பாலின் வேலை, சுரப்பைக் காப்பாற்றுவதும் மார்பு கட்டிக்கொள்ளாமல் தடுப்பதும்தான். எடுக்காமல் விட்டால் மார்பு கல்லாக இறுகும். தொடர்ந்து சிவந்து வலியும் காய்ச்சலும் வரலாம். வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கொடுக்கத் தடையில்லாத பாலை, அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாளும், உறைநிலைப் பகுதியில் 6 மாதமும் வைக்கலாம். நம் ஊர் வெயில் காலத்தில் அறை வெப்பத்தை நம்பக் கூடாது. எடுத்த உடனே குளிரில் வைத்துவிட வேண்டும். சூடாக்க, வெந்நீர் உள்ள பாத்திரத்துக்குள் புட்டியை நிறுத்தினால் போதும். அடுப்பில் காய்ச்சுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் கூடாது.

மனம் கலங்கினால் பால் இறங்காது

1948-ல் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற அமெரிக்கத் தம்பதி ஆய்வாளர்கள் விசித்திரமான ஒரு சோதனையைப் பதிவு செய்தார்கள். பாலூட்டும் தாயின் கால்களைப் பனிநீரில் வைத்தார்கள், மனக்கணக்குப் போடச் சொன்னார்கள், வலி கொடுத்தார்கள். இந்தத் தொந்தரவுகள் இல்லாதபோது குழந்தை சராசரியாக 168 கிராம் பால் குடித்தது. தொந்தரவின்போது 99 கிராம்தான். அதே தொந்தரவோடு ஆக்சிடோசின் ஊசியும் போட்டபோது 153 கிராமுக்கு ஏறியது. பால் உள்ளேதான் இருந்தது. பதற்றம் அதை இறங்கவிடாமல் பிடித்துவைத்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பதறி நிற்கும் தாய்க்கு நான்கு சொட்டுக்கு மேல் வராததன் காரணம் இதுதான். ‘உனக்குப் பாலே இல்லை’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் வார்த்தை, பனிநீரின் வேலையைச் செய்கிறது. மறுபக்கம், குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டாலே, அதன் நினைப்பு வந்தாலே பால் இறங்குவதையும் தாய்மார்கள் அறிவார்கள். குழந்தையின் படம், அது போட்டிருந்த சட்டை, முதுகை நீவிவிடும் ஒரு கை, கதவைத் தாழிடக் கூடிய ஓர் அறை: இவை மருத்துவக் காரணத்தோடே பால் எடுக்க உதவுபவை.

மல்லிகையும் பூண்டும்

மார்பு கனக்கும்போது மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. இடைவெளி நாட்களில் இதைச் செய்யக் கூடாது. பிரசவத்துக்குப் பின் பாலை நிறுத்த வேண்டியிருந்த பெண்களிடம் மல்லிகையையும், அதற்கென அப்போது தரப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு 1988-ல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டுமே இரத்தத்தில் புரொலாக்டினைக் குறைத்தன. மாத்திரை இன்னும் கூடுதலாகக் குறைத்தாலும், பால் அளவைக் குறைப்பதில் மல்லிகையும் அதற்கு ஈடுகொடுத்தது. பாட்டிமார்கள் மல்லிகையைப் பால் வற்றவைக்கத்தான் பயன்படுத்தினார்கள். மார்பை இறுக்கிக் கட்டுவதும் அதே வேலையைச் செய்யும்.

பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, சுறாப் புட்டு ஆகியவை பாலைப் பெருக்கும் என்ற நம்பிக்கைக்கு உறுதியான ஆதாரம் இதுவரை குறைவு. பூண்டைப் பற்றி மட்டும் சுவையான ஒரு செய்தி உண்டு. ஜூலி மெனெல்லா 1991-ல் நடத்திய ஆய்வில், தாய் பூண்டு சாப்பிட்டதும் பாலில் அதன் வாசனை ஏறியது. குழந்தைகள் மார்பில் கூடுதல் நேரம் தங்கின. சத்தான உணவாக இவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். பால் எடுக்காமல் இவற்றை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பால் வற்றிவிடும். டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகள் புரொலாக்டினைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அது சிலருக்கு இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது என்பதால் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

திரும்ப வரும் நாள்

இடைவெளியில் குழந்தைக்குப் பாலாடையிலோ சிறு கிண்ணத்திலோ கொடுப்பது நல்லது. புட்டிக் காம்புக்குப் பழகிய சில குழந்தைகள் மார்பைப் பற்ற மறுப்பதுண்டு. பாலாடைக்கு அந்தச் சிக்கல் குறைவு, கழுவுவதும் எளிது. இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. தாயின் பால் போதாத நேரத்தில் குறைமாதச் சிசுக்களுக்குத் தாய்ப்பால் வங்கி உதவும். ஆசியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது. இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் வங்கி இருக்கிறது.

குழந்தை திரும்பியதும் உடனே குடித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சட்டை இல்லாமல் நெஞ்சோடு அணைத்துத் தோலோடு தோல் சேர வைத்திருந்தால் பெரும்பாலும் தானாகவே தேடி வரும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது மார்பில் வைத்துப் பார்க்கலாம். முதல் சில நாட்கள் அடிக்கடி கொடுக்கக் கொடுக்கச் சுரப்பு ஏறும். ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அறியலாம்.

சுரப்பு வெகுவாகக் குறைந்துவிட்டாலும், நின்றே போயிருந்தாலும் கதை முடிவதில்லை. மீண்டும் சுரக்க வைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 1998-ல் தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. குழந்தை மார்பைச் சப்பும்போதே காம்பின் மேல் பாலைச் சொட்டுச் சொட்டாக விடுவது ஒரு வழி. பால் உள்ள கிண்ணத்திலிருந்து மெல்லிய குழாயைக் காம்போடு ஒட்டி வைப்பது இன்னொன்று. பால் கிடைப்பதால் குழந்தை தொடர்ந்து சப்புகிறது. சப்புவதால் சுரப்பு விழிக்கிறது. சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். பெற்றெடுக்காமல் தத்தெடுத்த தாய்மார்கள் சிலருக்கும் இவ்வழியில் பால் சுரந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முழுமையாகப் பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் மாதவிலக்கும் வராமல் இருந்தால் மீண்டும் கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பாலூட்டுவதில் நீண்ட இடைவெளி விழுந்தால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. மருத்துவரிடம் மாற்று வழி கேட்டுக்கொள்வது நல்லது.

சில மணி நேரத்துக்கானாலும் சில வாரத்துக்கானாலும் பாலூட்டுவதை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நிறுத்தத்தான் வேண்டுமா, மாற்று மருந்து உண்டா? எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நாள்? அதுவரை எடுக்கும் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா, கொட்ட வேண்டுமா? பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் அந்தத் தாயைத் தனியே விடுங்கள், பாத்திரம் கழுவுவதையும் இரவில் எழுப்பிவிடுவதையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பால் நிற்காமல் இருக்க ஒரு குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.